சூப்பர்வைசர் ஆனால் ஓவர்டைம் போய்விடுமா? – மிகைநேர ஊதியம் வந்த வரலாறு

முன்னுரை

எங்கள் ஊர் மயிலம். முருகன் கோயிலும் தமிழ்க் கல்லூரியும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் விடியற்காலையில் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் வந்து நின்றால் வேறொரு காட்சியைக் காணலாம். டிபன் பாக்ஸும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். புதுச்சேரி இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால், அந்தப் பக்கத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

என் பெரியப்பா மகனும் அப்படி ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரை ஆபரேட்டரிலிருந்து ஷிப்ட் சூப்பர்வைசராக உயர்த்தினார்கள். பெரியம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தார். மாதம் 1,500 ரூபாய் சம்பளம் கூடியது. ஆனால் அதுவரை ஓவர்டைமாக வந்துகொண்டிருந்த 2,000 ரூபாய் நின்றுபோனது. வீட்டுக்கு வரும் நேரமும் தினம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. "நீங்க இப்ப ஸ்டாஃப். ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாது" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

அது உண்மையா? மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் கிடையாது என்று யார் எப்போது முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த வரலாறே இக்கட்டுரை.

இரட்டைக் கூலி எப்படி வந்தது?

ஆங்கிலேயர் ஆட்சியில் 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை மட்டுமே கவனித்தது. வயது வந்த ஆண்களின் நேரத்துக்கு வரம்பு வைக்கவில்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டம்தான் துணி ஆலைகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று எல்லை கட்டியது.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக வாடியாவும், செல்வபதி செட்டியாரும், ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று அதை அமைத்தார்கள். திரு.வி.க. துணை நின்றார். சாப்பிடக் கொடுக்கும் இடைவேளை போதவில்லை என்பதும் அன்றைய முக்கியமான குறைகளில் ஒன்று. நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாறு கூலியோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பற்றித்தான் தொடங்கியது எனலாம்.

1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உலகுக்கெல்லாம் வாரம் 48 மணி நேரம் என்று பேசியபோது, இந்தியாவுக்கு 60 மணி நேரம் என்று தனிச் சலுகை வைத்தது. சலுகை முதலாளிகளுக்கு! அதன்படி 1922-ல் வாரம் 60 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் ஒன்றேகால் மடங்கு கூலி என்று சட்டம் வந்தது. 1934-ல் 60 என்பது 54 ஆனது. 1946-ல் 48 ஆனது. அந்தத் திருத்தத்தை முன்வைத்தபோது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர் என்பது குறிப்பிடத்தக்கது.

சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 59-ஆம் பிரிவில் தெளிவாகச் சொன்னது. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரண்டு மடங்கு ஊதியம் தர வேண்டும். அடிப்படைச் சம்பளத்தோடு படிகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரு காலாண்டில் 50 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்ற பொதுவான வரம்பும் அதில் இருந்தது.

புதுச்சேரி காட்டிய வழி

நமக்குப் பக்கத்திலேயே வேறொரு வரலாறும் நடந்தது. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் சவானா, ரோடியர், கப்ளே ஆகிய துணி ஆலைகள் ஓடின. பிரெஞ்சு ஆலைகளாக இருந்தாலும் பிரான்ஸ் தொழிலாளிக்கு இருந்த உரிமை இங்கே இருந்த தொழிலாளிக்கு இல்லை. வ. சுப்பையா தலைமையில் அவர்கள் 8 மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் கேட்டார்கள். 1936 ஜூலை 30-ல் சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அதே 1936-ல் பிரான்சில் லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு அங்குள்ள தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலையைச் சட்டமாக்கியிருந்தது. சுப்பையா பாரிஸ் வரை சென்று வாதாடினார். 1937-ல் புதுச்சேரிக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது. 8 மணி நேர வேலை அங்கே ஏற்கப்பட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், திண்டிவனம் விழுப்புரம் பகுதியில், அப்போது வாரம் 54 மணி நேரச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு கடிகாரங்கள்! இன்றும் ஜூலை 30-ஐ புதுச்சேரியில் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள்.

இரட்டைக் கூலி ஏன்?

"கூடுதலாக ஒரு மணி நேரம் உழைத்தால் ஒரு மணி நேரக் கூலிதானே நியாயம்? ஏன் இரண்டு மடங்கு?" என்று கேட்கலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பத்தாவது மணி நேரத்தில் உடம்பு படும் பாடு முதல் மணி நேரத்தைப் போன்றதல்ல. மற்றொன்று, அந்த இரட்டைக் கூலி முதலாளிக்கு ஒரு பிரேக்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தால் மொத்தம் 8 மணி நேர வேலை நடக்கிறது. இரட்டைக் கணக்கில் அதற்கு 16 மணி நேரக் கூலி தர வேண்டும். அதற்குப் பதில் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால் 8 மணி நேரக் கூலியோடு முடிந்தது. வேலை எப்போதும் நிறைய இருக்கிறது என்றால் ஆள் எடுப்பதே லாபம். சட்டம் எதிர்பார்த்ததும் இதைத்தான். கூட்ரோட்டில் வேலை தேடி நிற்கும் இன்னொரு பையனுக்கு இடம் கிடைக்கும்.

முதலாளிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய ஆளுக்குப் பயிற்சி, விடுமுறை, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்ந்து வரும். ஓவர்டைம் தொகைக்கு வைப்பு நிதி செலுத்த வேண்டியதில்லை. மேலும் ஆர்டர் ஒரு மாதம் குவியும், அடுத்த மாதம் காயும். அப்படிப்பட்ட நேரத்தில் இருக்கும் ஆட்களை வைத்தே சமாளிக்கத்தான் ஓவர்டைம் என்ற வழியே வைக்கப்பட்டது. ஆனால் தொழிலாளியின் பெயரை மாற்றிவிட்டால் இரட்டைக் கூலியும் வேண்டாம், புதிய ஆளும் வேண்டாம் என்ற குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

யார் தொழிலாளி? ரயில்வேயும் வங்கியும்

இந்தப் பெயர் விளையாட்டைப் புரிந்துகொள்ள ரயில்வேயை விட நல்ல உதாரணம் இல்லை. சென்னை–விழுப்புரம் பாதையில் எங்கள் ஊருக்கும் ஒரு சிறிய ஸ்டேஷன் உண்டு. ரயில்வே ஊழியர்கள் அனைவரும் மாதச் சம்பளக்காரர்கள். 1930-ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களைப் பிரித்துவிட்டது. தொடர்ந்து வேலை உள்ளவர்களுக்கு வாரம் 60 மணி நேரம், விட்டு விட்டு வேலை உள்ளவர்களுக்கு 84 மணி நேரம். இன்றைய 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் இந்தப் பிரிவுகள் நான்கு. கடும் கவனம் தேவைப்படும் வேலைக்கு வாரச் சராசரி 45 மணி நேரம், தொடர் வேலைக்கு 54, விட்டு விட்டு வரும் வேலைக்கு 75. அதைத் தாண்டினால் இரட்டைக் கூலி. நான்காவது பிரிவு 'விலக்கப்பட்டோர்'. மேற்பார்வைப் பொறுப்பிலும் ரகசியப் பொறுப்பிலும் இருக்கும் பலர் அதில் வருவார்கள். அவர்களுக்கு நேர வரம்பும் இல்லை, ஓவர்டைமும் இல்லை.

அதிக ரயில் போகாத பாதையில் உள்ள ஒரு லெவல் கிராசிங் கேட் கீப்பரை நினைத்துப் பாருங்கள். இரண்டு ரயிலுக்கு நடுவில் அவர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார் என்று காகிதம் சொல்லும். ஆனால் அவரால் வீட்டுக்குப் போக முடியுமா? கண்ணயரத்தான் முடியுமா? காத்திருப்பது வேலையா ஓய்வா என்ற கேள்விக்கு எந்தப் பதில் எழுதப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அவருடைய கூலி. 1973-ல் எஞ்சின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து 10 மணி நேரப் பணி என்ற உறுதியைப் பெற்றதும், 1974 மே மாதம் நாடு முழுவதும் நடந்த பெரும் ரயில்வே வேலைநிறுத்தத்தில் 8 மணி நேர வேலை ஒரு முக்கியக் கோரிக்கையாக இருந்ததும் இதன் தொடர்ச்சியே.

வங்கிகளிலும் இதே கதைதான். 1953-ல் வெளிவந்த சாஸ்திரி தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வங்கி ஊழியர்களின் வேலை நேரத்தையும் ஓவர்டைமையும் வரையறுத்தது. தலைமை தாங்கியவர் பஞ்சாபகேச சாஸ்திரி. குமாஸ்தா கூடுதல் நேரம் உட்கார்ந்தால் ஓவர்டைம் உண்டு. பக்கத்து நாற்காலியில் உள்ள அதிகாரி இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தாலும் கிடையாது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1947-லேயே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் உள்ள அச்சட்டம் 8 மணி நேர வேலை, மேலே சென்றால் இரட்டைக் கூலி என்கிறது. மாதச் சம்பளம் என்பதற்காக அது யாரையும் ஒதுக்கவில்லை. ஆனால் 'நிர்வாகப் பொறுப்பில்' இருப்பவர்களை ஒதுக்குகிறது.

ஆக, மாதச் சம்பளம் வாங்குவதால் ஓவர்டைம் போவதில்லை. மேற்பார்வை, நிர்வாகம் என்ற பெயரால்தான் போகிறது. கூலி எந்த முறையில் வருகிறது என்பதும் வேலை என்ன என்பதும் இரு வேறு கேள்விகள். பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிடுகிறார்கள்.

பெயர்ப் பலகையும் உண்மை வேலையும்

பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? நீதிமன்றங்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. 1985-ல் அர்கால் கோவிந்தராஜ் ராவ் என்பவர் சீபா கெய்கி நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பதவிப் பெயரைப் பார்க்காமல் அவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. குமாஸ்தா வேலையே பெரும்பகுதி என்றால், கூடவே சிறிது மேற்பார்வை செய்தாலும் அவர் தொழிலாளிதான். இது வேலைநீக்கம் பற்றிய தொழில் தகராறு வழக்கு. ஆனால் 'யார் தொழிலாளி' என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சட்டத்திலும் ஒரு கதவு திறக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, மேற்பார்வைப் பொறுப்பில் உள்ளவர்களை நேர வரம்பிலிருந்து விலக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. இதைப் பயன்படுத்திச் சின்னச் சின்ன ஆட்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் பட்டம் கட்டிவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் 1976-ல் ஒரு திருத்தம் வந்தது. மேற்பார்வையாளராகவே இருந்தாலும், அவருடைய ஊதியம் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் உள்ள வரம்பைத் தாண்டவில்லை என்றால் இரட்டை ஓவர்டைம் உண்டு என்றது அத்திருத்தம்.

அந்த வரம்பு எவ்வளவு? 1976-ல் மாதம் 1,000 ரூபாய். 1982-ல் 1,600 ரூபாய். அதன் பிறகு 2005 வரை, 23 ஆண்டுகள், அது அசையவே இல்லை! அதற்குள் விலைவாசி எங்கேயோ போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த கடைநிலை ஊழியரின் சம்பளமே 1,600-ஐத் தாண்டிவிட்டது. சட்டத்தில் ஒரு எழுத்தையும் அடிக்காமல், சும்மா இருந்தே ஒரு உரிமையைக் கரைத்துவிட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. பிறகு 2005-ல் 6,500, 2007-ல் 10,000, 2012-ல் 18,000, 2017-ல் 24,000 ரூபாய் என வரம்பு உயர்ந்தது.

அமெரிக்காவிலும் இதே தகராறுதான். 1938-ல் வந்த அவர்களுடைய சட்டம் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் தருகிறது. ஆனால் நிர்வாகிகளுக்கும் நிபுணர்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்குக்கான சம்பள வரம்பு 2004-ல் வாரம் 455 டாலர். 2016-ல் ஒபாமா அரசு அதை 913 டாலராக்க முயன்றபோது டெக்சாஸ் நீதிமன்றம் தடுத்தது. 2020-ல் 684 டாலர் ஆனது. 2024-ல் பைடன் அரசு மேலும் உயர்த்தியதையும் டெக்சாஸ் நீதிமன்றமே அவ்வாண்டு நவம்பரில் ரத்து செய்தது. உணவுக் கடையில் பாதி நேரம் பாத்திரம் கழுவினாலும் 'மேனேஜர்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டவருக்கு ஓவர்டைம் உண்டா என்பது அங்கும் நீதிமன்ற வாசலில் நிற்கும் கேள்விதான்.

அண்மைக் காலம்

கொரோனா காலத்தில் இந்த உரிமைக்கே ஒரு சோதனை வந்தது. 2020 ஏப்ரல் 17-ல் குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம், சாதாரணக் கூலியே போதும் என்றது. குஜராத் மஸ்தூர் சபா உச்ச நீதிமன்றம் சென்றது. 2020 அக்டோபர் 1-ல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. பொருளாதாரச் சரிவைக் காரணம் காட்டித் தொழிலாளியின் தோளில் மட்டும் சுமையை ஏற்ற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். இடைப்பட்ட காலத்துக்கான ஓவர்டைமையும் சட்டப்படி தரச் சொன்னது.

நம் மாநிலத்திலும் 2023 ஏப்ரல் 21-ல் சட்டப்பேரவையில் ஒரு மசோதா நிறைவேறியது. வாரம் 48 மணி நேரம் மாறாது, ஆனால் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை நேரத்தை மாற்றி அமைக்க இடம் தரலாம் என்றது அது. பன்னிரண்டு மணி நேரம் என்பதே 'சாதாரண நாள்' ஆகிவிட்டால் ஓவர்டைம் என்ற பேச்சே எழாது என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன், 1923-ல், இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியதும் அதே சென்னையில்தான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. இரட்டை ஓவர்டைம் அவற்றிலும் உண்டு. ஆனால் வேலை நேரம் பற்றிய தொகுப்பில், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் வரமாட்டார். பழைய வரம்பான 24,000-உடன் ஒப்பிட்டால் கோடு கீழே இறங்கியிருக்கிறது. அதே சமயம் ஒரு நன்மையும் உண்டு. ஊதிய பாக்கியைக் கேட்டு மனுச் செய்யப் பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் ஓராண்டு அவகாசம்தான் இருந்தது. ஊதியத் தொகுப்பில் அது மூன்று ஆண்டுகளாகியிருக்கிறது.

முடிவுரை

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய சம்பளம் 15,600 ரூபாய். 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. எட்டால் வகுத்தால் மணிக்கு 75. இரட்டைக் கணக்கில் 150. தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 52 மணி நேரம். அதாவது 7,800 ரூபாய். சம்பளத்தில் சரிபாதி! அதோடு, பழைய சட்டம் மூன்று மாதத்துக்கு வைத்த 50 மணி நேர வரம்பை அவர் ஒரே மாதத்தில் தாண்டியிருக்கிறார். 24,000, 18,000 என்ற இரண்டு கோட்டுக்கும் அவர் கீழேதான். "ஸ்டாஃபுக்கு ஓ.டி. கிடையாது" என்பது அவர் விஷயத்தில் அன்றும் தவறு, இன்றும் தவறு.

அண்ணன் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரிடா தம்பி. போய்க் கேட்டா மறுநாள் கேட்லயே நிறுத்திடுவாங்க. அப்புறம் இந்த 15,600-க்கு யாரு இருக்கா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புகார் செய்தவரின் பெயரை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று 1987-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தார்கள் என்று சொன்னேன். சிரித்தார். அந்த ஷிப்டில் சூப்பர்வைசர் அவர் ஒருவர்தானாம்.

சட்டம் எழுதுவதற்கு 12 பேர் உயிரைக் கொடுத்த ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுதிய சட்டத்தைத் தனி ஆளாக நின்று கேட்க முடியாது என்பதையும் அந்த வரலாறே சொல்கிறது. சவானா ஆலையில் யாரும் தனியாகக் கேட்கவில்லை. சங்கம்தான் கேட்டது.

இப்போது அண்ணன் ஒன்று மட்டும் செய்கிறார். தினசரி காலண்டரில் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் பென்சிலால் குறித்துவைக்கிறார். பக்கத்து ஷிப்டின் இரண்டு சூப்பர்வைசர்களையும் குறிக்கச் சொல்லியிருக்கிறாராம். மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறதல்லவா? உங்கள் வீட்டிலும் 'ஸ்டாஃப்' என்று பெயர் வாங்கிய யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு காலண்டரையும் பென்சிலையும் கொடுங்கள்.